மாலை கழற்றிய மறுநாள்: குடியை விட ஆலோசனை எப்படி உதவும்?

கார்த்திகையில் மாலை போட்டுவிட்டு ஒரு மண்டலம் சொட்டு மது தொடாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களில் சிலர், மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்பார்கள். “நினைத்தால் விடுகிற மனுஷன், வேணும்னே குடிக்கிறார்” என்று வீட்டில் புலம்புவார்கள். குடியை நிறுத்துவது ஒரு வேலை. நிறுத்தியபடியே இருப்பது வேறு வேலை. மனநல ஆலோசனை இந்த இரண்டாவது வேலைக்குத்தான்.

முதலில் உடம்பு

தினமும் அதிகமாகக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், சில மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. வீட்டில் அடைத்து வைக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். சாப்பாட்டில் ரகசியமாக மாத்திரை கலப்பதும் ஆபத்து. அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிரம் மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிரும் போகலாம்.

பிறகு பேச்சு

உடம்பு ஒரு வாரம், பத்து நாளில் தெளிந்துவிடும். அதன் பிறகுதான் ஆலோசகரின் வேலை சூடுபிடிக்கிறது. அவர் “குடி குடியைக் கெடுக்கும்” என்று உபதேசிப்பதில்லை, கேள்வி கேட்கிறார். “விட வேண்டும் என்ற எண்ணத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?” “நாலு.” “ஏன் ரெண்டு போடவில்லை?” உடனே, ஆலோசனைக்கு வந்தவர் மகள் தன்னோடு பேசாமல் இருப்பதைச் சொல்லத் தொடங்குவார். விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும் என்ற இந்த முறையை உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்தார்.

அடுத்து, எப்போது, எங்கே, யாரோடு என்ற கணக்கு. கட்டட வேலை பார்க்கும் ஒருவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம்தான் கண்டம் என்று வைத்துக்கொள்வோம். கையில் வாரக் கூலி, வயிற்றில் பசி, கூடவே கூட்டாளி, போகிற வழியில் கடை. கூலியை வங்கிக் கணக்கில் வாங்குவது, கிளம்பும் முன் வயிறார உண்பது, வேறு தெருவழியே வீடு திரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்கிறார்கள். நடுவில் ஒருநாள் சறுக்கினாலும், சறுக்கிய இடம் எது என்று பார்த்து மறுபடி தொடங்குகிறார்கள்.

வீட்டுக்கும் ஆலோசனை

கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை, மனைவிமாருக்கும் சிகிச்சையில் இடம் தருகிறது. “அவருக்குக் காய்ச்சல்” என்று அலுவலகத்துக்குப் பொய் சொல்வது, கடனை அடைத்துக்கொண்டே இருப்பது போன்ற பாசத்தின் தவறுகளை அங்கே பேசலாம்.

எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446; மனநல உதவிக்கு 14416. 1935-இல் அமெரிக்காவில் பிறந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. பெயர் வெளியே போகாது. தனியார் மறுவாழ்வு மையம் என்றால், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கட்டிப்போடுவதும் அடிப்பதும் சிகிச்சை அல்ல.

2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார். மற்ற 37 பேரில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், ராத்திரி போதையில் சண்டை போட வேண்டாம். காலையில், தெளிந்திருக்கும் நேரத்தில், “நானும் கூட வர்றேன், ஒருதரம் போய்ப் பேசிட்டு வரலாம்” என்று கூப்பிட்டுப் பாருங்கள்.