ஊமையான கிதாரும் பொறுமை பயிலும் கரங்களும்

நம் பங்கு ஆலயங்கள் சிலவற்றில், பாடகர் குழு நிற்கும் இடத்தின் மூலையில், மின்கிதார் ஒன்று உறைக்குள் ஊமையாய்ச் சாய்ந்து கிடப்பதைக் காணலாம். கம்பிகள் துருவேறி, ஒலி கரகரத்து, “இனி உதவாது” என ஒதுக்கப்பட்டது அது. அதே பங்கில், கைவேலையில் நாட்டம் இருந்தும் வழிகாட்டுவார் இன்றி நிற்கும் இளைஞர் சிலரும் இருப்பர். அந்தக் கருவியை இந்தக் கரங்களில் ஒப்படைத்தால் என்ன?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்தது. வழிபாட்டுக்குத் தகுதியுள்ள பிற இசைக்கருவிகளையும் அந்தந்தப் பகுதித் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு ஏற்கலாம் என்றும் அது கூறியது. அவ்வழியே கிதாரும் நம் ஆலயங்களுள் நுழைந்தது. இறைபுகழுக்கென வாங்கிய பொருளைப் பழுதுறாது பேணுவதும் இறைபணியே அன்றோ!

பீங்கான் நகருக்கு அந்நியமன்று

பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் கொண்ட விருத்தாசலத்தில் பியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு ஆகியவற்றை அறியாதார் இலர். மின்கிதாரின் உள்ளேயும் பீங்கான் உண்டு என்பதைப் பலர் அறியார். அதன் மூடியைக் கழற்றினால், துவரம் பருப்பைவிடச் சற்றே பெரிய, தட்டையான வில்லை ஒன்று தென்படும். ஒலியின் கூர்மையைக் குறைத்துத் தரும் கண்டென்சர் அது. பல கிதார்களில் பீங்கானால் ஆனது.

கம்பிகளின் கீழே ‘பிக்கப்’ என்னும் பகுதி உள்ளது. விலை குறைந்த கிதார்கள் பலவற்றில் அதன் காந்தமும் பீங்கான் இனத்தைச் சேர்ந்ததே. இரும்பு ஆக்சைடுடன் பேரியம் அல்லது ஸ்ட்ரான்சியம் சேர்ந்த பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டு அதனை ஆக்குகின்றனர். நம் ஊர்க் களிமண் அன்று. ஆயினும் கலை ஒன்றே.

அக்காந்தத்தைச் சுற்றி, தலைமயிர் போன்று மெல்லிய செப்புக் கம்பி ஏறத்தாழ 7,000 முதல் 8,000 சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த தத்துவமே இங்கு இசையாகிறது.

பார்த்த பின்னரே தொடுக

பழுது பார்ப்பதன் முதற்பாடம், கருவியை எடுப்பதற்கு முன் கண்ணைத் திறப்பதாகும். எக்கம்பி எங்கே இணைந்துள்ளது எனத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும். குறைகளை எண்ணிட்டு எழுத வேண்டும். மீண்டும் பழைய நிலைக்குக் கொணரக்கூடிய வேலைகளை முதலிலும், மாற்ற இயலாதவற்றை இறுதியிலும் செய்ய வேண்டும்.

ஆறு கம்பிகளும் சேர்ந்து தண்டியை ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் இழுக்கின்றன. அதனால் தண்டி வளையாதிருக்க உள்ளே இரும்புக் கம்பி ஒன்று உண்டு. ஒரு கம்பியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவே ஒரு தபால் அட்டையின் பருமனளவு இடைவெளி இருப்பது நலம். வேறுபட்டால் உள்ளிரும்பின் திருகைக் கால் சுற்று மட்டுமே திருப்பி, மரம் இசைந்து கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் திருகு முறியும்.

வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. பெயர்த்து மீண்டும் அமைக்கலாம். கிதாரின் மெட்டுகளோ மரத்தில் அறையப்பட்டவை. தேய்ந்தவற்றை அரத்தால் சமன் செய்யலாம். அரம் தின்ற உலோகத்தை மீண்டும் கூட்ட இயலாது. எனவே இவ்வேலை கடைசியில் வருகிறது.

ஒலி வராத பிக்கப்பை மல்டிமீட்டர் கொண்டு சோதிக்கலாம். ஒற்றைச் சுருள் பிக்கப் பொதுவாக 6 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டும். எதுவும் காட்டாவிடில் எங்கோ கம்பி அறுந்துள்ளது. ஆனால், பெரும்பாலும் குற்றவாளி எளிய ஒன்றே: ஈயப்பற்று விட்டுப்போன ஓர் இணைப்பு, அல்லது ஒலிக்கட்டுப்பாட்டில் படிந்த தூசு. புதிதாக வாங்கத் துணிந்த கருவி, சில ரூபாய் ஈயத்தில் உயிர்பெறுவதும் உண்டு.

கற்றுத்தரும் பழங்கருவி

இங்கிலாந்தின் புகழ்பெற்ற இசைக்கலைஞர் பிரையன் மே, பள்ளிச் சிறுவராய் இருந்தபோது 1963-இல் தம் தந்தையுடன் சேர்ந்து ஒரு மின்கிதாரைச் செய்யத் தொடங்கினார். ஒரு பழைய வீட்டுக் கணப்பின் மரச்சட்டம் தண்டியாயிற்று. பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தனர். மோட்டார் சைக்கிளின் சுருள்வில்லும் அன்னையின் முத்துச்சிப்பிப் பொத்தான்களும் அதில் இடம்பெற்றன. உலகெங்கும் முழங்கிய அக்கருவியை 1998-இல் சீரமைத்தவர் ஆஸ்திரேலியக் கைவினைஞர் கிரெக் பிரையர். அவர் அதற்கு முன்பே அதனை நுணுகி அளந்து, அதே போன்ற கிதார்களைச் செய்து கைபழகியிருந்தார். பிறர் பொருளைத் தொடுமுன் அவர் காட்டிய இந்த மதிப்பு நம் இளைஞர்க்கு நல்ல பாடம்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

1972-ஆம் ஆண்டு மே மாதம், ஸ்வான்சி நகர மேடையில் கிதார் ஏந்தி நின்ற லெஸ்லி ஹார்வி என்னும் இளங்கலைஞர், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி மாண்டார். நம் ஆலயங்களிலும் திருவிழா மேடைகளிலும் இவ்வாபத்து இல்லை எனச் சொல்ல இயலாது. மூன்று முனைப் பிளக்கும் மெய்யான எர்த்தும் இன்றியமையாதவை. மின்கசிவின்போது தானே அணையும் ஆர்.சி.சி.பி. பொருத்துதல் நலம். ஒலிபெருக்கிப் பெட்டியைப் பயில்வோர் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கக் கூடும். அப்பணியைத் தேர்ந்த மின்பணியாளரிடமே விடுக.

பெற்றோர்க்கு ஒரு சொல்

மைந்தன் பழைய கிதாரைப் பிரித்து வைத்து அமர்ந்தால், “வீண் வேலை” எனக் கடியாதீர். தச்சு, மின்னியல், இசை ஆகிய மூன்றையும் அவன் ஒருங்கே பயில்கிறான். விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தம் தேம்பாவணிக் காப்பியத்தின் தலைவராகத் தேர்ந்தது ஒரு தச்சுத் தொழிலாளரையே, நம் புனித சூசையப்பரையே!

எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டில் கண்டதை நாம் அறிவோம். கையில் கெட்டுப்போன மண்பாண்டத்தைக் குயவன் எறிந்துவிடவில்லை. அதே மண்ணைக் கொண்டு வேறொன்றை வனைந்தான். சூளையில் வெந்து உடைந்த பீங்கான் மீண்டும் மண்ணாவதில்லை. மரமும் கம்பியுமான கிதாருக்கோ மறுவாழ்வு உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் கண்டித்த ‘தூக்கி எறியும் பண்பாட்டுக்கு’ இதுவும் ஒரு மறுமொழியே.

பங்குப் பேரவையினர் தம் ஆலயத்து ஊமைக் கிதாரை ஆர்வமுள்ள ஓர் இளைஞரிடமும், அவருக்குத் துணையாக ஓர் அனுபவமிக்க தச்சரிடமும் மின்பணியாளரிடமும் ஒப்படைப்பார்களாக. கிறிஸ்து பிறப்பு விழாவில் அக்கருவி மீண்டும் ஒலிக்கும்போது, அதனுடன் சேர்ந்து ஓர் இளைஞரின் தன்னம்பிக்கையும் ஒலிக்கும்.