ஒரே படிக்கட்டு, இரண்டு நினைவுகள்

ஏழைத் தொழிலாளியின் வீட்டில் ஆவணப் பெட்டி இருப்பதில்லை. அவன் வாங்கிய கூலியைத் தொழிற்சாலைக் கணக்கு சொல்லும். அவன் குடியிருந்த அறையின் நீள அகலத்தை நகராட்சியின் குறிப்பு சொல்லும். ஆனால், அந்த அறையில் ஒரு குழந்தை எவ்வாறு வளர்ந்தது, எதைக் கண்டு மகிழ்ந்தது, எதற்கு அஞ்சியது என்பதை எந்தக் கணக்கும் சொல்வதில்லை. அக்குழந்தையே வளர்ந்து, நினைவுகூர்ந்து சொன்னால்தான் உண்டு. முதுமையில் திரும்பிப் பார்ப்பவர்க்கோ இளமை இனிக்கும். பட்ட துன்பமும் தொலைவில் அழகாகத் தோன்றும். எனவே, அத்தகைய நினைவுகளை எவ்வளவு நம்பலாம் என்ற வினா எழுகிறது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்தில், தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்தோர் எழுதி வைத்த நினைவுகள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றவை.

கல் கட்டடமும் கதவுத் தகடும்

19ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோ கப்பல் கட்டும் நகராகவும், இரயில் இயந்திரம் செய்யும் நகராகவும் பெருகியது. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் வேலை தேடி வந்து குவிந்தனர். அவர்களுக்காக மூன்று மாடி, நான்கு மாடிக் கல் கட்டடங்கள் தெருத்தெருவாக எழுந்தன. இவற்றை 'டெனமெண்ட்' என்பர். தெருவிலிருந்து கட்டடத்தின் உள்ளே செல்லும் பொது நடைவழிக்கு 'குளோஸ்' என்று பெயர். நடைவழியின் முடிவில் கற்படிகள் மேலேறும். ஒவ்வொரு தளத்திலும் இரண்டு, மூன்று குடும்பங்கள் வாழ்ந்தன.

வீடு என்றால் பலருக்கு ஒரே அறைதான். சற்று வசதி உடையோர்க்கு ஓர் அறையும் ஓர் அடுக்களையும். அடுக்களைச் சுவரில் மாடம்போல் அமைந்த இடமே படுக்கை. சமையலும் உணவும் உறக்கமும் நிலக்கரி அடுப்பைச் சுற்றியே நடந்தன. கழிப்பறை படிக்கட்டின் திருப்பத்தில் இருந்தது. பல குடும்பங்களுக்கும் அது ஒன்றே. 1911ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஓரறை அல்லது ஈரறை வீடுகளில் வாழ்ந்தனர். அதே காலத்தில் இங்கிலாந்தில் அவ்வாறு வாழ்ந்தோர் நூற்றுக்கு 7 பேர் அளவே.

இந்த நெருக்கத்தைக் குறைக்க நகராட்சி ஒரு வழி கண்டது. 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2000 கன அடிக்கு உட்பட்ட சிறு வீடுகளின் கதவில் ஓர் உலோகத் தகடு அறையப்பட்டது. அவ்வீட்டில் எத்தனை பேர் உறங்கலாம் என்ற எண் அதில் இருக்கும். ஓர் ஆளுக்கு 300 கன அடி என்பது கணக்கு. 8 வயது நிரம்பாத குழந்தை அரை ஆள். நள்ளிரவில் அதிகாரிகள் கதவைத் தட்டி உள்ளே நுழைந்து தலைகளை எண்ணினர். வாடகையைப் பகிர்ந்துகொள்வதற்காக வந்து தங்கியவர்கள் அலமாரிக்குள்ளும் கூரைமேலும் ஒளிந்துகொண்டனர். வீட்டைப் பெரிதாக்காமல் ஆட்களை எண்ணியதால் நெருக்கம் தீரவில்லை.

பாட்டி வளர்த்த சிறுமி

இத்தகைய கட்டடம் ஒன்றில் வளர்ந்தவர் மோலி வேர் என்னும் நடிகை. 1910ஆம் ஆண்டில் பிறந்த இவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றவர். இவருடைய ஊர் கிளாஸ்கோவின் வடபகுதியான ஸ்பிரிங்பர்ன். இரயில் இயந்திரத் தொழிலே அவ்வூரின் உயிர்நாடி. 1903 முதல் 1962 வரை இயங்கிய 'நார்த் பிரிட்டிஷ்' இயந்திர நிறுவனத்தின் பெருங்கூடங்கள் அங்கு இருந்தன. மலாயா இரயில்வேயில் பல்லாண்டுகள் ஓடிய நீராவி இயந்திரங்களுள் ஒரு தொகுதி அந்நிறுவனம் செய்து அனுப்பியதே.

முதல் உலகப் போரில் தந்தையை இழந்த குடும்பம் மோலியுடையது. தாய் இரயில்வே தொழிற்கூடத்தில் வண்டிகளுக்கு வண்ணம் பூசும் வேலைக்குச் சென்றார். பிள்ளைகளை வளர்த்த பொறுப்பு பாட்டியுடையது. 1970இல் வெளிவந்த இவருடைய முதல் நினைவு நூலின் பெயர், 'காலணி ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது' என்னும் பொருள்படுவது. அப்பெயரே அவ்வீட்டின் பொருள்நிலையைக் காட்டிவிடுகிறது. ஆயினும், அந்நூலில் ஓங்கி நிற்பது வறுமை அன்று. பாட்டியின் கைத்திறனும், சிக்கனமும், அண்டை வீட்டார் உறவுமே.

இவரைப் போன்று அக்கட்டடங்களில் வளர்ந்த பலருடைய நினைவுகளிலும் சில காட்சிகள் தவறாமல் வருகின்றன. படிக்கட்டைக் கழுவுவதற்குக் குடும்பங்களிடையே முறை உண்டு. யாருடைய முறையோ அவர் வீட்டுக் கதவில் ஓர் அட்டை தொங்கும். கழுவிய படியின் ஓரங்களில் பெண்கள் வெண்களிமண் கட்டியால் கோடும் சுருளுமாக வரைந்தனர். அதனைக் காணும் தமிழர்க்குக் கோலம் நினைவுக்கு வரும்.

கட்டடத்தின் பின்முற்றமே சிறுவர்களின் உலகம். துணி துவைக்கும் கொட்டிலும் குப்பைத் தொட்டிகளும் இருந்த அந்த இடத்தில், மதிலேறிக் குதிப்பதும் கயிறு தாண்டுவதும் சுவரில் பந்தடிப்பதும் நடந்தன. சிறுமியர் நிலத்தில் கட்டம் கீறி 'பீவர்' என்னும் ஆட்டம் ஆடினர். அது நம் சிறுமியர் ஆடும் பாண்டியாட்டமே. சில்லுக்குப் பதிலாகக் காலணி மெருகு தீர்ந்த தகரக் குப்பி. பசித்த பிள்ளை முற்றத்தில் நின்று அண்ணாந்து கூவும். தாய் ரொட்டித் துண்டில் பழப்பாகு தடவிக் காகிதத்தில் சுற்றிச் சன்னல் வழியே கீழே போடுவாள். படியேறிப் போனால் ஆட்டத்தில் இடம் போய்விடுமே என்ற கவலை பிள்ளைக்கு.

மாவாடையும் நீராவியும்

இதே நகரின் தென்பகுதியில் கோர்பல்ஸ் என்னும் குடியிருப்பு உண்டு. அங்கு வளர்ந்த ரால்ஃப் கிளாஸர் 1916இல் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் மகன். 1986இல் வெளிவந்த அவருடைய நினைவு நூல் மோலியின் நூலுக்கு நேர்மாறான ஒளியில் அதே வாழ்வைக் காட்டுகிறது.

கிளாஸருக்கு ஆறு வயது இருக்கும்போது தாய் இறந்தார். தந்தை சூதாட்டத்தில் பொருளிழந்தவர். அறிவுக்கூர்மை மிக்க அச்சிறுவன் 14 வயதில் பள்ளியை விட்டான். முதலில் முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளர் முகத்தில் சோப்பு நுரை பூசும் வேலை; பின்னர் ஆடைத் தொழிற்சாலையில் நீராவிக்கு நடுவே துணிக்குப் பெட்டி போடும் வேலை. வேலை முடிந்த இரவுகளில் அவர் நூலகத்தில் படித்தார். பல்லாண்டு உழைப்புக்குப்பின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இடம் பெற்று, மிதிவண்டியிலேயே அங்குச் சென்றார். அவருடைய நூலில் படிக்கட்டு நாற்றமுடையது. சுவர்கள் ஈரம் கசிபவை. அண்டை வீட்டார் காதுக்கு எந்தத் துயரமும் மறைவதில்லை.

இவ்விருவருள் யார் சொல்வது உண்மை? இருவரும் சொல்வது உண்மையே. மோலிக்குக் கிடைத்த பாட்டி கிளாஸருக்குக் கிடைக்கவில்லை. அடுக்களையில் ஒருவர் காத்திருக்கும் வீட்டிற்கும் எவரும் காத்திராத வீட்டிற்கும் உள்ள வேறுபாடு அது. ஆனால், இதற்கும் ஆழமான ஓர் உண்மை உண்டு. இனிய நினைவுகளில் வரும் பொருள்களை எண்ணிப் பார்த்தால், படிக்கட்டு, துவைக்கும் கொட்டில், முற்றம் ஆகிய அனைத்தும் பொதுப்பொருள்கள். தனித்தனியே வைத்துக்கொள்ள வசதி இல்லாததனாலேயே அவை பொதுவாயின. கசப்பான நினைவுகளுக்கும் அதே இல்லாமைதான் காரணம். குறையே கூட்டுறவைப் பெற்றது. குறையே நோயையும் பெற்றது. காசநோய் அங்கு அவ்வளவு பரவியிருந்ததால், 1957ஆம் ஆண்டில் ஐந்து வாரங்களுள் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் மார்பை ஊடுகதிர்ப் படமெடுத்துப் பார்க்க நேர்ந்தது.

கூட்டுறவு வெறும் இனிய நினைவு மட்டும் அன்று என்பதற்கு 1915ஆம் ஆண்டே சான்று. ஆடவர் பலர் போர்முனையில் இருக்க, வீட்டு உரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினர். கோவன் பகுதியில் மேரி பார்பர் முதலிய பெண்கள் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தனர். குளோஸ் வாயிலில் ஒருத்தி காவல் இருப்பாள். குடியிருப்போரை வெளியேற்ற அதிகாரி வந்தால் மணி ஒலிக்கும். அடுக்களையிலிருந்தும் துவைக்கும் கொட்டிலிலிருந்தும் பெண்கள் ஓடிவந்து, மாவையும் ஈரத்துணியையும் வீசி அவரை விரட்டுவர். சிறுவர்களும் அட்டைகள் ஏந்தி ஊர்வலத்தில் நடந்தனர். போராட்டம் நகரெங்கும் பரவவே, அவ்வாண்டின் இறுதியில் போருக்கு முந்திய அளவில் வாடகையை நிறுத்தும் சட்டம் வந்தது. படிக்கட்டைக் கழுவ முறை வைத்தவர்களுக்குக் காவலுக்கு முறை வைப்பது கடினமாக இல்லை.

எண்ணிக்கை மறந்தது

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நகர ஆட்சி பழைய குடியிருப்புகளை இடிக்கத் தொடங்கியது. எண்களைப் பார்த்தவர்களுக்கு அது சரியான முடிவே. புதிய வீடுகளில் குளியலறையும் வெந்நீரும் இருந்தன. பல தாய்மார் மகிழ்ச்சியோடு குடியேறினர். 1960களில் எழுந்த 'ரெட் ரோடு' அடுக்ககங்களுள் மிக உயர்ந்தவை 31 மாடி கொண்டவை. ஆனால், முற்றத்தில் ஆடும் பிள்ளையைத் தாய் பார்க்க முடியாத உயரம் அது. 1967இல் ஆடம் மெக்நாட்டன் என்பவர் இதை வைத்து ஒரு வேடிக்கைப் பாட்டு இயற்றினார். இருபதாம் மாடியிலிருந்து போட்ட ரொட்டித் துண்டு கீழே நிற்கும் பிள்ளைக்கு வந்து சேர்வதில்லை என்பதே அதன் கருத்து. நகரம் சிரித்தது, சிரிப்பில் இருந்த குறையும் விளங்கியது. ரெட் ரோடு அடுக்ககங்கள் 2012க்கும் 2015க்கும் இடையில் தகர்க்கப்பட்டன. இடிபடாது எஞ்சிய டெனமெண்டுகளோ, 1970கள் முதல் குளியலறை சேர்த்துச் செப்பனிடப்பட்டு, இன்றும் மக்கள் விரும்பி வாழும் வீடுகளாக உள்ளன.

கேட்ட ஆசிரியர்

கட்டடத்தைச் செப்பனிடலாம், மறைந்த விளையாட்டையும் பாட்டையும் மீட்பது எளிதன்று. இவற்றைக் காப்பதில் எடின்பரோ நகர ஆசிரியர் ஒருவர் செய்த பணி குறிப்பிடத்தக்கது. நார்ட்டன் பார்க் பள்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் ரிச்சி, அந்நகரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். பிள்ளைகள் தெருவில் பாடிய பாட்டுகள் ஸ்காட்ஸ் மொழியில் அமைந்தவை, அல்லது அதன் சொற்கள் விரவியவை. ஸ்காட்லாந்துப் பள்ளிகளிலோ நெடுங்காலம் ஆங்கிலமே முறையான மொழி. வீட்டில் பேசியதை வகுப்பில் பேசிய பிள்ளை திருத்தப்பட்டது; சில வேளைகளில் தோல்வாரால் அடியும் பெற்றது. அரசுப் பள்ளிகளில் அத்தண்டனை சட்டப்படி ஒழிந்தது 1987ஆம் ஆண்டில்தான்.

ரிச்சி பிள்ளைகளின் பாட்டைத் திருத்தவில்லை, கேட்டு எழுதிக்கொண்டார். கயிறு தாண்டும்போது எது, பந்தடிக்கும்போது எது, வட்டமாகச் சுற்றும்போது எது என்று பிரித்துக் குறித்தார். 1951இல் அவரும் உடன் பணியாற்றிய ஆசிரியர் இருவரும் சேர்ந்து, அப்பள்ளி மாணவியர் தெருவில் ஆடிப் பாடுவதை ஒரு குறும்படமாக்கினர். 'பாடும் தெரு' என்பது அதன் பெயரின் பொருள். அதே பெயரில் 1964இல் ஒரு நூலையும், மறு ஆண்டில் மற்றொரு தொகுப்பையும் ரிச்சி வெளியிட்டார்.

இத்தொகுப்புகளின் சிறப்பு எது? மோலியும் கிளாஸரும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் கடந்து திரும்பிப் பார்த்து எழுதியவர்கள். காலம் ஒருவருக்குத் தேன் கலந்தது; மற்றவருக்குப் புண்ணை ஆழமாக்கியது. ரிச்சியின் ஏட்டில் இருப்பது நினைவாக மாறுவதற்கு முன்பே பதிந்த குழந்தைக் குரல். வறுமையும் சாவும் குடித்த தந்தையும் அப்பாட்டுகளில் வருகின்றன. வருந்தி அல்ல, தாளம் தப்பாமல் குதித்துக்கொண்டே வருகின்றன. இனிப்பும் கசப்பும் பிள்ளையிடம் இன்னும் பிரியவில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் முதன்முறையாக ஸ்காட்ஸ் மொழி பற்றிக் கேட்கப்பட்டபோது, ஏறத்தாழ 15 இலட்சம் பேர் அதனைப் பேசுவதாகக் கூறினர். 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அம்மொழிக்கு அலுவல் தகுதி வழங்கியது. வகுப்பறை வாயிலில் பிள்ளைகள் விட்டுவர வேண்டியிருந்த மொழி அது. கதவுத் தகடு அவர்களை அரை ஆள் என்று எண்ணிற்று. அவர்கள் பாடியதை முழுமையாகக் கேட்டு எழுதியவர் ஓர் ஆசிரியர்.