உங்களுக்குத் தெரியுமா? கேமிங் லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் கார்டு

கேம் ஆட லேப்டாப் தேடுகிறவர் முதலில் கேட்பது கார்டின் பெயர். ஆனால் பெயரை மட்டும் வைத்து வேகத்தைச் சொல்லிவிட முடியாது.

● ஒரே பெயர், இரண்டு சிப்: 2025-இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு டெஸ்க்டாப்பில் 21,760 கோர்களும் 32 ஜிபி நினைவகமும் கொண்டது. அதே பெயரில் லேப்டாப்புக்கு வருவதில் 10,496 கோர்கள், 24 ஜிபி. கோர்கள் பாதிகூட இல்லை!

● காணாமல் போன 'எம்': முன்பெல்லாம் என்விடியாவின் லேப்டாப் சிப்களுக்கு 980எம் என்பதுபோல் பெயரோடு ஓர் எழுத்து ஒட்டியிருக்கும். 2016-இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையோடு அது போயிற்று. அப்போது அதில் நியாயம் இருந்தது: 1060 கார்டுக்கு இரண்டு பக்கமும் 1,280 கோர்கள்தான். பிறகு இடைவெளி அகன்றது. 'எம்' திரும்பி வரவில்லை.

● வாட் எவ்வளவு? லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எதில் ஓட்டுவது என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. மெல்லிய உடம்பில் குறைந்த வாட்டில் ஓடும் 4070-ஐ, தடித்த லேப்டாப்பில் முழு வாட்டில் ஓடும் 4060 முந்திவிடும். விவரப் பட்டியலில் இந்த வாட் அளவைச் சொல்லும் 'டிஜிபி' என்ற வரியைத் தேடுங்கள்.

● மேக்ஸ்-கியூ: ஒல்லி லேப்டாப்புகளுக்காக வேகம் குறைத்த சிப்களுக்கு 2017-இல் என்விடியா வைத்த அடையாளம் இது. 2021-இல் 30 வரிசை வந்தபோது சிப்பின் பெயரிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் இன்று வாட் கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது.

● கூட்ட முடியாத நினைவகம்: ரேமைப் பல லேப்டாப்புகளில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கார்டின் நினைவகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. வாங்கும்போது இருப்பதுதான் கடைசி வரை. லேப்டாப்பில் 4060, 4070 இரண்டுக்கும் 8 ஜிபிதான். டெஸ்க்டாப் 4070-க்கு 12 ஜிபி.

● மாற்றக்கூடிய கார்டும் உண்டு: பிரேம்வொர்க் நிறுவனம் 2023-இல் அறிவித்த 16 அங்குல லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் பகுதியைக் கழற்றி வேறொன்று பொருத்தலாம். இப்படிப்பட்டவை இன்னும் அபூர்வம்.

● திரைக்கேற்ற கார்டு: 1080பி திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் 36.9 லட்சம். 4கே என்றால் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப்போல் சரியாக நான்கு மடங்கு. நடுத்தரக் கார்டோடு 4கே திரை வாங்கினால் திரையின் அழகு படம் பார்க்க உதவும், கேம் திணறும்.

● மக்ஸ் சுவிட்ச்: பல லேப்டாப்புகளில் கார்டு வரைந்த படம், பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்குப் போகும். பேட்டரியை மிச்சப்படுத்த வந்த ஏற்பாடு இது. மக்ஸ் சுவிட்ச் இருந்தால் கார்டைத் திரையோடு நேராக இணைத்துவிடலாம். சில கேம்களில் பிரேம்கள் கூடும்.

● பேட்டரிக்கு விமான வரம்பு: தனி அனுமதி கேட்காமல் விமானத்தில் கொண்டுபோகும் லேப்டாப் பேட்டரிக்கு உச்சவரம்பு 100 வாட்-அவர். பெரிய கேமிங் லேப்டாப்புகள் 99-ஐ ஒட்டியே நின்றுவிடுவது அதனால்தான். கார்டு மட்டுமே 100 வாட் இழுத்தால் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே சார்ஜரைப் பிடுங்கியதும் லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

● இட்டு நிரப்பும் பிரேம்கள்: ஆர்டிஎக்ஸ் 40 வரிசையிலிருந்து, வரைந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே இன்னொன்றைக் கார்டே ஊகித்துச் சேர்க்கிறது. அசைவு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் சுடுவதற்கும் நடுவே உள்ள தாமதம் இதனால் குறையாது.

● ஊர்ச் சூடு: விசிறி உள்ளே இழுப்பது அறையின் காற்றைத்தான். ஏசி அறையில் சோதித்த வேகம், சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அப்படியே கிடைக்காது. முதல் ஐந்து நிமிட வேகத்தை நம்பாமல், அரை மணி நேரம் ஆடிய பிறகு எடுத்த அளவைத் தேடிப் பாருங்கள்.

● கடையிலேயே சோதிக்க: டிஸ்ப்ளேயில் வைத்திருக்கும் லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, 'சிஸ்டம் இன்பர்மேஷன்' பகுதிக்குப் போனால் கார்டின் அதிகபட்ச வாட் தெரியும். விற்பனையாளரைக் கேட்கவே வேண்டாம்.