கடலில் கரைத்த பெருங்காயமா? பம்பாய்த் துறைமுகத்துக்குப் பணம் வந்த வழி

அம்பர்நாத்தில் ரயிலேறி, குர்லாவில் ஹார்பர் பாதைக்கு மாறி நகரத்துக்குள் செல்லும் தமிழர்கள் ஏராளம். சிவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்று வரிசையாக வரும் நிலையங்களின் பெயர்களை நாம் அன்றாடம் கேட்கிறோம். ஆனால் அவற்றின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. பருத்தியும் கப்பலும் சேர்ந்து உருவாக்கிய கரை அது. அப்பாதைக்குக் கிழக்கே இன்று கிடங்குகள் நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி ஒருகாலத்தில் கடலாகவும் சேற்றுப் படுகையாகவும் இருந்தது.

கடலைத் தூர்க்க மண்ணும் கல்லும் மட்டும் போதா, பணம் வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, எப்போது பலன் தந்தது, எப்போது மூழ்கிப்போனது என்னும் வரலாறு, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறியத் தக்கது.

ஏழு தீவுகளும் ஒரு கொடையும்

1661-இல் போர்ச்சுகீசியர் திருமணச் சீராக அளித்த பம்பாயை, 1668-இல் ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்கு ஆங்கிலேய அரசர் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அன்று அது ஒரே நிலப்பரப்பு அன்று. ஏழு தீவுகளின் தொகுதி. பெருக்கின்போது கடல்நீர் இடைவெளிகள் வழியாக உள்ளே புகுந்து தாழ்நிலங்களை நனைத்தது. மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் இடையில் இருந்த பெரிய உடைப்பை அடைத்த ஹார்ன்பி வெல்லார்டு 1784 வாக்கில் நிறைவுற்றது. சயான் கடற்பாலம் 1805-இல் முடிந்தது. இவை ஆட்சியின் கருவூலப் பணத்தில் எழுந்தவை.

தாராவிக்கு அருகில் உள்ள மாஹிம் கடற்பாலத்தின் கதை வேறு. மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே மக்கள் படகில்தான் கடந்தனர். மழைக்காலத்தில் அது உயிரைப் பணயம் வைக்கும் பயணம். பாலம் கட்ட அரசு பணம் ஒதுக்காத நிலையில், ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் ஆவாபாய் அம்மையார் 1,57,000 ரூபாய் வழங்கினார். கடப்போரிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. 1845-இல் பாலம் திறக்கப்பட்டது.

கொடை உயர்ந்தது, எனினும் ஒரு பெரிய துறைமுகத்தைக் கொடையால் மட்டும் கட்டிவிட இயலாது. ஆகவே மூன்றாவது வழி பிறந்தது: பங்குகள்.

பருத்திப் பணமும் பங்கு மோகமும்

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பருத்தி வரத்து தடைப்படவே, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பருத்தி விலை பன்மடங்கு ஏறியது. பம்பாயில் பொன்னும் வெள்ளியும் குவிந்தன. குவிந்த பணம் புகலிடம் தேடியபோது, கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. அவற்றுள் பெரிதும் பேசப்பட்டது பேக் பே தூர்ப்புக் கம்பெனி. நிலம் இன்னும் நீருக்குள் இருக்கும்போதே, அதன் பங்கு முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்குக் கைமாறியது.

இதில் வங்கியும் சிக்கியது. 1840-இல் தொடங்கப்பட்ட பாங்க் ஆஃப் பம்பாய், பங்குகளை ஈடாகக் கொண்டு கடன் தர முடியாதபடி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. பங்கை அடகு வைத்துக் கடன் வாங்கி, அக்கடனைக் கொண்டு மேலும் பங்கு வாங்கினர். விலை ஏறும்வரை அனைவரும் செல்வர். ஈடு வலுவானதாகவே தோன்றும். விலை இறங்கினாலோ, கடனும் அப்படியே நிற்கும். ஈடு மட்டும் கரைந்துவிடும்.

1865 ஏப்ரலில் போர் முடிவுக்கு வந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்குகள் அதனோடு சரிந்தன. முன்பேர ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய 1865 ஜூலை 1-ஆம் நாள் எண்ணற்ற வணிகர்களுக்குத் திவால் நாளாயிற்று. பாங்க் ஆஃப் பம்பாய் 1868-இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் அதே பெயரில் புதிய வங்கி தொடங்கப்பட்டது. அவ்வங்கி 1921-இல் இம்பீரியல் வங்கியின் அங்கமாகி, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கியாக மலர்ந்தது.

அதே கரை, வேறு வழி

கடலைத் தூர்க்கும் எண்ணமே தவறாக இருந்ததா? இல்லை. கிழக்குக் கரையில் எல்ஃபின்ஸ்டன் கம்பெனி உண்மையாகவே நிலம் மீட்டிருந்தது. அச்சொத்தை அரசு விலைக்கு வாங்கி, 1873-இல் அமைக்கப்பட்ட பம்பாய் போர்ட் டிரஸ்டிடம் ஒப்படைத்தது. இந்த அமைப்பு பங்குச் சந்தையின் ஏற்றத்தை நம்பி நிற்கவில்லை. கடன் வாங்கியது, கப்பல் கட்டணம், சரக்குக் கட்டணம், நில வாடகை ஆகியவற்றால் வட்டியையும் முதலையும் செலுத்தியது. கட்டிய பணியே கடனை அடைக்கும் வருவாயைத் தந்தது என்பதுதான் இதன் நுட்பம்.

வருவாய்க்கு வழி செய்தவை 'டாக்' எனப்படும் மதகுடைய கப்பல்துறைகள். பம்பாயில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ நான்கு மீட்டர் மாறும். கரையோரம் நிற்கும் பெரிய கப்பல் வற்றின்போது தரைதட்டும். ஆகவே கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கைக் கொண்டுவந்தன. தூத்துக்குடித் தோணித்தொழிலை அறிந்த நெல்லைச் சீமையினருக்கு இக்காட்சியை விளக்க வேண்டியதில்லை. மதகுடைய துறையிலோ, பெருக்கின்போது கப்பலை உள்ளே விட்டு மதகை மூடிவிடுவர். வெளியே கடல் வற்றினாலும் உள்ளே நீர் நிலைத்து நிற்கும். கப்பல் கரையை ஒட்டியே மிதக்கும்.

1875-இல் சாசூன் குடும்பத்தார் கொலாபாவில் கட்டிய துறை இதற்கு முன்னோடி. போர்ட் டிரஸ்டின் பிரின்ஸஸ் டாக் 1880-இலும், விக்டோரியா டாக் 1888-இலும், அலெக்சாண்டிரா டாக் 1914-இலும் திறக்கப்பட்டன. இறுதியாகச் சொன்னதே இன்றைய இந்திரா டாக். அதைத் தோண்டியபோது கிடைத்த மண்ணைக் கொண்டு அருகில் 22 ஏக்கர் கடற்பரப்பைத் தூர்த்துப் பேலார்டு எஸ்டேட்டை உருவாக்கினர். ஒரே செலவில் துறையும் கிடைத்தது, வாடகை தரும் நிலமும் கிடைத்தது.

பயன் யாருக்கு?

இவ்வரலாற்றில் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. 1896-இல் பரவிய கொள்ளை நோய்க்குப் பின் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாதுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளோடும் பூங்காக்களோடும் மனைகளைப் பிரித்தது. அங்கே அலுவலகப் பணியில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறின. சற்றுத் தொலைவில், கழிமுகச் சதுப்பின் விளிம்பில் இருந்த தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர்கள் தாமே மண் கொட்டி நிலத்தை உயர்த்திக் குடிசை அமைத்தனர். அவர்களுக்கு மனைவரைபடம் இல்லை, கடன்பத்திரமும் இல்லை. அங்கு முன்பே வாழ்ந்த கோலி மீனவர்களோ, கழிமுகம் தூரத் தூரத் தம் தொழிலை இழந்தனர். ஒரு பொதுப்பணியின் கணக்கில் வரவு, செலவு மட்டுமன்றி, பயன் யாரைச் சென்றடைந்தது என்பதும் எழுதப்பட வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

இன்று சிவ்ரி நிலையத்தருகே நின்றால் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது கடலுக்குள் நீண்டு செல்வதைக் காணலாம். அதுவும் ஜப்பானிய நிறுவனமான ஜைகாவின் நீண்டகாலக் கடனுதவியோடு எழுந்ததே. கடலில் பணம் போடும் வழக்கம் நின்றுவிடவில்லை.

நம் சேமிப்பைக் கடன்பத்திரத்திலோ பங்கிலோ இடும்போது மூன்று கேள்விகள் துணைநிற்கும். பணம் திரும்பி வர வேண்டிய வருவாய் எது? அவ்வருவாய் தோன்ற எத்தனை ஆண்டு ஆகும்? விலை சரிந்தாலும் நிலைத்து நிற்கும் சொத்து அதன் பின்னால் உண்டா? 1864-இல் இக்கேள்விகளைக் கேட்காதவர்களின் பணம் கடலில் கரைத்த பெருங்காயமாயிற்று. கேட்டுவிட்டுப் பொறுமையோடு கட்டியவர்களின் பணம், அதே கடலில் கரையாக எழுந்து நிற்கிறது.