146 கி.மீ. வளைவே இல்லை!

ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து அடிலெய்டு நோக்கிக் கிளம்பும் கேம்பர்வேனில் கூடாரம், கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், ஸ்டெப்னி என எல்லாம் ஏறிவிடும். தூக்கத்துக்குத்தான் திட்டத்தில் இடம் இருக்காது. சுமார் 2,700 கிலோமீட்டரை மூன்றே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு, நார்ஸ்மனைத் தாண்டியதும் அந்தக் கணக்கு உதைக்கத் தொடங்கும்.

அங்கே ஆரம்பிக்கிறது எயர் நெடுஞ்சாலை. நல்லார்பார் சமவெளியைத் தொட்டுக்கொண்டு செடுனா வரை ஏறக்குறைய 1,200 கி.மீ. பெட்ரோல் பங்க், சாப்பாடு, தங்கும் அறை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் ரோடுஹவுஸ்கள்தான் வழித்துணை. 1841-ல் நாடாய்வாளர் எட்வர்டு ஜான் எயர், வைலி என்ற பழங்குடி இளைஞரின் துணையோடு இந்தக் கடலோரமாகவே மேற்கு நோக்கிப் போய் உயிர் பிழைத்தார். சாலை முழுவதும் தார் கண்டது 1976-ல்தான்.

பல்லடோனியாவுக்கும் கெய்குனாவுக்கும் இடையில் 146.6 கி.மீ. தூரத்துக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. உச்ச வேகமான 110-ல் போனாலும் ஒரு மணி இருபது நிமிடம் ஸ்டியரிங்குக்கு வேலையில்லை. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் பலகை அங்கேதான் நிற்கிறது. கண் திறந்திருக்க, மூளை அயர்ந்துபோகும் சாலையும் அதுதான். எதிரே 36.5 மீட்டர் நீள ரோடு டிரெயின் (டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரி) கடக்கும்போது வீசும் காற்றில் வேன் ஆடும். சிலருக்கு அப்போதுதான் விழிப்பே வரும். க்ரூஸ் கன்ட்ரோலும் காபியும் போதும் என்கிற அனுபவசாலிகளும் உண்டு. இருக்கட்டும்.

2009-ல் இந்த வழியில் ஒரு கோல்ஃப் மைதானம் திறந்தார்கள். 18 குழிகள்; முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் நடுவே 1,365 கி.மீ. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், ஓட்டுநரைச் சீட்டிலிருந்து இறக்கிக் கொஞ்ச தூரம் நடக்கவைக்க இதைவிட நல்ல தந்திரம் தெரியவில்லை.

கடிகாரமும் காலை வாரும். கெய்குனாவுக்குக் கிழக்கே 45 நிமிடம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலிய எல்லையில் இன்னொரு 45 நிமிடம். கோடைக்காலமென்றால் அங்கே மேலும் ஒரு மணி நேரம் பறிபோகும். 'ஐந்து மணிக்குக் கூடாரம் அடிக்கலாம்' என்று நினைத்தவர் ஏழு மணிக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கங்காருக்கள் சாலையோரம் மேய வருவதும் பொழுது சாய்கிற நேரத்தில்தான்.

இத்தனைக்கும் முகாமுக்கு இடப் பஞ்சமே இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டியே இரவு தங்க அனுமதிக்கும் ஓய்விடங்கள் பல உண்டு, காசு கேட்பதில்லை. குடிதண்ணீரை மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும். புந்தா பாறைச் செங்குத்துகள் கடலில் இறங்கும் காட்சியையும், ஜூன் முதல் அக்டோபர் வரை ஹெட் ஆஃப் பைட்டில் குட்டிகளோடு நிற்கும் திமிங்கிலங்களையும் நின்று பார்க்கலாம். மூன்று நாள்காரர்கள் இவற்றைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

சாலையின் சில இடங்களில் தாரின் மேலேயே ஓடுபாதைக் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அவசரமென்றால் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் அங்கே இறங்கும். 1928 முதல் இயங்கும் சேவை அது. அந்தக் கோடுகளைத் தாண்டும்போதாவது ஓட்டுநர் இருக்கையில் ஆள் மாறலாம். வாடகை வேன் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்றே எழுதியிருக்கிறது; பொடி எழுத்தில்.