கடவுச்சொல் கேட்கும் உரிமை யாருக்கு?

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஒரே நாளில் நூலகத் தளம், பாடப் பக்கம், மின்னஞ்சல், தேர்வு முடிவு, கட்டணம் என்று ஐந்தாறு இடங்களுக்குள் போய்வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல் என்றால் யாருக்கும் கட்டுப்படியாகாது. காலையில் ஒருமுறை லாகின் செய்தால் மற்றவையும் திறந்துகொள்ளும் ‘ஒற்றை உள்நுழைவு’ முறை, இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்த வசதி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். வசதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கடவுச்சொல்லைக் கேட்கும் உரிமையை ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்துவிடுவதே இதன் பெரிய பலன் என்பேன். அந்தப் பக்கம் எது என்று தெரியாதவருக்கு இம்முறையால் பாதி நன்மைகூடக் கிடைப்பதில்லை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உருவாகி, பல நாட்டுக் கல்வி நிலையங்களுக்குப் பரவிய ‘காஸ்’ என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் நூலகத் தளத்தைத் திறந்தால், அது உங்களிடம் எதையும் கேட்காமல் பிரவுசரை மைய உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பி விடுகிறது. அங்கே கடவுச்சொல் சரியாக இருந்தால், மைய செர்வர் உங்கள் பிரவுசரில், நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்ததைக் காட்டும் குறிப்பாக ஒரு குக்கியை வைத்துவிட்டு, ஒரு டிக்கெட் எண்ணோடு உங்களை நூலகத்துக்கே திருப்பி அனுப்பும். நூலகம் அந்த எண்ணை மைய செர்வரிடம் நேரடியாகக் காட்டி, ‘இது உண்மையா, யாருடையது?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். அந்த டிக்கெட் ஒருமுறைதான் செல்லும். நிர்வாகிகள் மாற்றாவிட்டால் அதன் ஆயுள் 10 விநாடி. இத்தனையிலும் கடவுச்சொல் நூலகத்தின் கண்ணில் படவே இல்லை. நாளை நூலகத் தளத்துக்குள் யாரேனும் புகுந்தாலும் அங்கே திருட உங்கள் கடவுச்சொல் இருக்காது.

ஒரே சாவி தொலைந்தால் வீடு முழுக்கப் போய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பத்துக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளச் சொன்னால் மனிதர்கள் ஒன்றையே பத்து இடத்தில் போடுகிறார்கள். அப்போது பத்துத் தளங்களில் மிகப் பலவீனமானது எதுவோ அதுவே எல்லாவற்றின் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது. மையம் ஒன்றாக இருந்தால் அதற்கு நல்ல காவல் போடலாம். களவு தெரிந்தவுடன் ஒரே கணக்கை முடக்கி வழியை அடைக்கலாம். ஆனாலும் அந்தக் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது: திருடுபவர்களும் தங்கள் முழு உழைப்பையும் அந்த ஒரு பக்கத்தின் மீதே செலுத்துவார்கள்.

செலுத்தியும் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை, ஈரானின் மப்னா நிறுவனத்தோடு தொடர்புடைய 9 பேர் மீது குற்றம் சாட்டியது. உலகெங்கும் 1,00,000-க்கு மேற்பட்ட பேராசிரியர்களின் கணக்குகளைக் குறிவைத்து, ஏறத்தாழ 8,000 கணக்குகளை அவர்கள் கைப்பற்றினார்கள் என்கிறது குற்றப்பத்திரிகை. வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதியதுபோல் மின்னஞ்சல் வரும்: உங்கள் கட்டுரையைப் படித்தேன், இவற்றையும் பாருங்கள் என்று சில இணைப்புகள். தொட்டால், தம் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். ஏதோ லாக்-அவுட் ஆகிவிட்டது போலும் என்று பேராசிரியரும் கடவுச்சொல்லை அடித்துவிடுவார். இதற்காகப் பூட்டு எதையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்தின் சின்னமும் நிறமும் நகலெடுக்கக் கூடியவை. நம்ப வேண்டியது முகவரியை மட்டுமே. அதில் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், அடுத்த சாய்கோடு வரை உள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். யேல் என்றால் கடைசி இரண்டு துண்டுகள் ‘யேல்’, ‘எடு’ என்றிருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம்போல ‘ஏசி’, ‘இன்’ என முடியும் முகவரியில் கடைசி மூன்றைப் பார்க்க வேண்டும். நடுவில் பல்கலைக்கழகப் பெயரைச் செருகிவிட்டு வேறெதிலோ முடிந்தால் அது போலி. கண் அசந்துபோகும் என்பவர்கள் கடவுச்சொல் மேலாளர் செயலியை வைத்துக்கொள்ளலாம். தெரியாத முகவரியில் அது தானாக நிரப்பாது.

கைபேசிக்கு ஓடிபி வருகிறதே, பிறகென்ன கவலை? ஓடிபி பெரிய தடைதான், வேண்டாம் என்று சொல்லவே கூடாது. ஆனால் போலிப் பக்கம் நடுவில் நின்று, நீங்கள் அடிக்கும் எண்ணை அந்த நொடியே உண்மைப் பக்கத்தில் அடித்துவிட முடியும். ‘அனுமதிக்கவா?’ என்ற கேள்வி கைபேசியில் திரும்பத் திரும்ப வந்தால் சலித்துப்போய் ‘சரி’ என்று தட்டிவிடுபவர்களும் உண்டு; நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் அப்படிக் கேள்வி வந்தால், கடவுச்சொல் ஏற்கனவே களவு போயிருக்கக்கூடும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைபேசியிலோ கணினியிலோ சேமித்துவைக்கும் ‘பாஸ்கீ’ என்ற மின்சாவி இவற்றைவிட மேல். அது உருவான முகவரிக்கு மட்டுமே பதில் தரும்; மனிதர் ஏமாந்தாலும் அது ஏமாறாது.

பலரும் கோட்டைவிடுவது வெளியேறும்போதுதான். ஆய்வகக் கணினியில் நூலகத் தளத்திலிருந்து லாக்-அவுட் செய்தாலும், மைய செர்வர் வைத்த குக்கி பிரவுசரிலேயே இருக்கலாம். காஸின் இயல்பான அமைப்பில், தொடர்ந்து பயன்படுத்தினால் அது 8 மணி நேரம் வரை செல்லும். அடுத்து உட்காருபவர் மின்னஞ்சலைத் திறந்தால், கடவுச்சொல் கேட்காமலே உங்கள் கடிதங்கள் விரியும். பிரவுசரை மூடினால் போதும் என்பதும் இப்போது முழு உண்மையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைத்த பிரவுசர்கள் பழைய குக்கிகளையும் மீட்டுவிடுகின்றன. பொதுக் கணினியில் தொடக்கத்திலேயே தனிப்பட்ட சாளரத்தைத் திறப்பதும், முடிவில் மைய உள்நுழைவுப் பக்கத்துக்கே போய் லாக்-அவுட் செய்துவிட்டு எல்லாச் சாளரங்களையும் மூடுவதும்தான் வழி.