ஜிம்மை விட்டேன், உடற்பயிற்சியை விடவில்லை!

முடிச்சூர் சாலையிலும் சரி, கேம்ப் ரோடு பக்கமும் சரி, இப்போது நாலு கடைக்கு ஒரு ஜிம் முளைத்திருக்கிறது. 'பெண்களுக்குத் தனி நேரம்' என்று போர்டும் வைத்திருக்கிறார்கள். ஜிம் என்றாலே ஆண்கள் சமாசாரம் என்றிருந்தது போய் நமக்கும் இடம் கிடைத்தது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு வருடம் முடிந்து கட்டணத்தைப் புதுப்பிக்கும் நேரம் வரும்போது, 'இதை வீட்டிலேயே செய்தால் என்ன?' என்று நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. நான் வீட்டுக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. அதே யோசனையில் இருக்கும் தோழியருக்காக எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. வருடத்துக்கு 12,000 ரூபாய் கட்டியிருந்தேன். பிள்ளைகளின் பரீட்சை, ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள், காய்ச்சல், ஐப்பசி மழை எல்லாம் போக நான் போனது 94 நாள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 128 ரூபாய். ஷேர் ஆட்டோ செலவு தனி. (ஜிம் கட்டணத்தின் மேல் இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யை 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேருபவர்கள் பில்லைப் பார்த்து வாங்குங்கள். கட்டிய பணத்தில் தகராறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.)

பணம் மிச்சம் என்று மட்டும் நினைத்து ஜிம்மை விட்டால் பத்தே நாளில் உடற்பயிற்சியும் நின்றுவிடும். ஏன் தெரியுமா? அந்த 128 ரூபாய் டிரெட்மில்லுக்கு மட்டும் கொடுத்ததில்லை. யாரும் நம்மைக் கூப்பிடாத ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது. 'ஜிம்முக்குப் போயிருக்கா' என்றால் வீட்டில் யாரும் தேடுவதில்லை. அதுவே வீட்டுக் கூடத்தில் ஒரு விரிப்பைப் போட்டுப் படுத்துப் பாருங்கள்! காலிங்பெல் அடிக்கும். குக்கர் மூன்றாவது விசில் விடும். 'அம்மா, என் சாக்ஸ் எங்கே?', 'ஏம்மா, தண்ணி லாரி வந்துடுச்சு பாரு' என்று நாலு திக்கிலிருந்தும் குரல் வரும். வீட்டில் இருக்கும் பெண் சும்மா இருக்கிறாள் என்பது எல்லோருடைய எண்ணம். கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வீட்டுக்கு மாறுபவர்கள் டம்பெல் வாங்குவதற்கு முன்னால் நேரத்தை வாங்குங்கள். நான் தேர்ந்தெடுத்தது காலை ஐந்தேகால் முதல் ஆறு மணி வரை. வயிறும் காலி, வீடும் அமைதி. படுக்கையறையில் மற்றவர்கள் தூங்குவதால் பூஜை அறையை ஒட்டிய சின்ன இடம். கதவைச் சாத்திவிடுவேன், போன் சமையலறையில் கிடக்கும். 'ஆறு மணிக்கு மேல்தான் காபி' என்று என்னவரிடம் சொன்னபோது முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு வாரம்தான். இப்போது அவரே பால் காய்ச்சி டிகாக்ஷனும் போட்டு வைக்கிறார். ஜப்பானில் 1928 முதல் வானொலி வழியாக உடற்பயிற்சி நடத்துகிறார்கள். காலை ஆறரை மணிக்கு இசை வந்ததும் பெரியவர், சிறியவர் எல்லோரும் செய்வார்களாம். அங்கேயும் குறிப்பிட்ட நேரம் என்பதுதான் விஷயமே.

'வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?' என்று கேட்காத ஆளில்லை. அம்மியும் உரலும் கிணறும் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். இப்போது மிக்ஸி, கிரைண்டர், மோட்டார். நாள் முழுக்க நின்று கால் வலிக்கிறதே தவிர மூச்சு வாங்குவதில்லை. வீட்டு வேலையையும் உலக சுகாதார நிறுவனம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2020ல் அது வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் ஓரளவு மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும், இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் சொன்னது. இந்த 150 நிமிடத்தை அலட்சியம் செய்ய முடியாது.

சரி, என்ன செய்வது? நம் கூடுவாஞ்சேரியிலேயே 1911ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்துத் தந்த எளிய முறை உடற்பயிற்சி இதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. கைப்பயிற்சி, கால் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடல் தளர்த்தல். ஒரு கருவியும் வேண்டாம், ஆள் படுக்க இடம் போதும். அவர் 1958ல் தொடங்கிய உலக சமுதாய சேவா சங்கத்தின் மனவளக்கலை மன்றங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. புத்தகத்தைப் பார்த்துச் செய்யாமல் அங்கே போய் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். எழுபது வயதைத் தாண்டிய என் மாமியார் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, "அந்தக் கை ஆட்டுறதை எனக்கும் சொல்லிக்குடும்மா" என்றார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடி கைப்பயிற்சி மட்டும் செய்கிறார்.

ஆனால் இது மட்டும் போதாது என்பது என் கருத்து. வயது ஏற ஏறத் தசை குறைகிறது, மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேய்கிறது. வலுவுக்கென்று தனியாகச் செய்ய வேண்டும். ஜிம்மில் கற்றதில் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தவை இவை: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காருவது, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி உடம்பைச் சாய்த்துத் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்குவது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம். மூச்சு வாங்குவதற்கு அபார்ட்மென்ட் மாடிப்படி இருக்கவே இருக்கிறது. தெருவில் நடப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பாதி நாள் பள்ளம், மீதி நாள் நாய். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இன்னொன்று, நைட்டியோடு செய்யாதீர்கள். காலில் சிக்கும். அதைவிட முக்கியம், நைட்டியில் இருந்தால் வீட்டு வேலை நினைப்புதான் வரும். சுடிதார் மாட்டிக்கொண்டால் எங்கேயோ கிளம்பிய மாதிரி இருக்கும், மற்றவர்களும் கூப்பிடத் தயங்குவார்கள். டைல்ஸ் தரையில் பாய் வழுக்குகிறது, ரப்பர் விரிப்பு வாங்கிக்கொள்ளுங்கள். நான் செய்த செலவு அது ஒன்றுதான்.

எல்லோரும் ஜிம்மை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. தப்பாகச் செய்தால் திருத்த ஆள் வேண்டும் என்பவர்கள், நாலு பேரோடு சேர்ந்தால்தான் உற்சாகம் என்பவர்கள், வீட்டில் ஒரு கதவைச் சாத்தவும் வழியில்லாதவர்கள் அங்கேயே தொடருவது நல்லது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கபாலபதி செய்யக் கூடாது. மூட்டு வலி இருந்தால் உயரமான நாற்காலியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஜிம்களை மூடியபோது, 'இனி எல்லோரும் வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யலாம்' என்றார்கள். வீடு நிறைய ஆட்கள், மூன்று வேளையும் சமையல்; எங்கள் தெருப் பெண்களுக்குக் கால் மணி நேரம் கூடக் கிடைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் ஊரடங்குதான்! ராத்திரி எல்லோரும் லேட்டாகப் படுக்கிறார்கள், காலையில் என்னாலும் ஐந்தேகாலுக்கு எழ முடிவதில்லை, எழுந்தால் இட்லிக்கு ஆள் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையைச் சமாளிக்கும் தோழியர் யாராவது இருந்தால் எப்படி என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, மேற்கு தாம்பரம்